இட்டுக்கட்டும் புலமை

'இட்டுக்கட்டிய புகார்', 'இட்டுக்கட்டிய செய்தி' என்று நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். நடக்காததை நடந்ததாகச் சோடித்துச் சொல்வது என்பதே படித்தவர்கள் இன்று அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் பொருள். சிவகங்கைச் சீமையின் ஊர்ப்புறத்தில் அதே சொல்லுக்கு வேறொரு வாழ்வு உண்டு. ஒரு பெண்ணைப் பற்றி "அவ நல்லா இட்டுக்கட்டிப் பாடுவா" என்றால் அது பாராட்டு. எழுதி வைக்காமல், மனப்பாடம் செய்யாமல், எதிரே இருக்கும் ஆளையும் அந்த நேரத்தையும் பாட்டுக்குள் இழுத்து வரத் தெரிந்தவள் என்று அர்த்தம்.

கொல்லங்குடி கருப்பாயி அப்படிப்பட்டவர். காளையார்கோயில் பக்கத்துக் கொல்லங்குடியில் வயல் வேலையோடு பாடிப் பழகிய குரல் அது. வானொலி வழியாக வெளியூர்களுக்குப் போனது. 1985-ல் பாண்டியராஜன் இயக்கிய 'ஆண்பாவம்' படத்தில் பாட்டியாக நடித்து, தன் பாட்டைத் தானே பாடியபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. பின்னர் கலைமாமணி விருதும் வந்தது. முதிர்ந்த வயதில் 2025-ல் அவர் மறைந்தபோது எல்லா ஊடகங்களும் 'நாட்டுப்புறப் பாடகி' என்று எழுதின. தவறில்லை. ஆனால் கேட்ட மாத்திரத்தில் பாட்டுக் கட்டும் ஆற்றலுக்குத் தமிழ் இலக்கியம் வைத்திருக்கும் உயர்ந்த பட்டம் ஒன்று இருக்கிறது. ஆசுகவி. அந்தச் சொல் அவர் பக்கமே வரவில்லை. பாடகி என்றால் பிறர் கட்டிய பாட்டைப் பாடுகிறவர் என்ற எண்ணமே முதலில் வரும். பாட்டைக் கட்டியவரும் அவரே என்பது அந்த ஒரு சொல்லில் மறைந்துபோனது.

கவிகள் நான்கு வகை என்று பாட்டியல் மரபு பிரிக்கிறது: ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம். கொடுத்த பொருளில், கொடுத்த யாப்பில், கொடுத்த நொடியில் பாடுவது ஆசு. அந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழர் நினைவுக்கு வருபவர் 15-ஆம் நூற்றாண்டுக் காளமேகம். திருமலைராயன் அவையில் அதிமதுர கவிராயரோடு அவர் மோதிய கதையும், உயிரைப் பணயம் வைத்து எமகண்டம் பாடிய கதையும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகின்றன. அவற்றில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்பது வேறு பேச்சு. விரைந்து பாடும் திறனைத் தமிழர்கள் எவ்வளவு வியந்தார்கள் என்பதற்கு அந்தக் கதைகளே சாட்சி.

கதைகளுக்கு அப்பால், கண்ணால் கண்டவர்கள் எழுதி வைத்த சாட்சியமும் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுளைச் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார்கள் என்பதை உ.வே. சாமிநாதையர் விரிவாகவே பதிவு செய்திருக்கிறார். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் அந்த அரங்கில், கேட்பவர் கொடுக்கும் ஈற்றடிக்கு வெண்பா பாடி முடிப்பதும் ஒரு பகுதி. செட்டிநாட்டிலேயே கீழச்சிவல்பட்டிப் பாடுவார் முத்தப்பர் இருந்தார். நேமம் கோயிலின் செயங்கொண்ட சோழீசரை முன்னிறுத்தி, பழமொழிகளை வைத்து அவர் செய்த 'செயங்கொண்டார் சதகம்' இன்றும் கிடைக்கிறது. 'பாடுவார்' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டம்.

இவர்கள் அனைவரும் பெரியவர்கள். அவர்களைப் போற்றியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி வேறு. அவர்கள் வாழ்ந்த ஊர்களிலேயே, அதே வீடுகளின் இரண்டாம் கட்டிலும் வயல் வரப்பிலும், இதே வேலையைச் செய்துகொண்டிருந்த பெண்களுக்குத் தமிழ்ப் புலமை என்ன பெயர் கொடுத்தது? 'வாய்க்கு வந்தபடி பாடுகிறார்கள்' என்றது. அவர்கள் தங்கள் திறமைக்கு வைத்திருந்த சொல்லையும் பொய்க்கு அடையாளமாக்கிவிட்டது.

வாய்க்கு வந்தபடி பாடுவது என்றால் என்ன என்பதை ஒரு தாலாட்டை வைத்துப் பார்ப்போம். தொட்டிலை ஆட்டுகிற ஆச்சி, பிள்ளையைப் பார்த்து 'உன்னை யார் அடித்தது' என்று கேட்கத் தொடங்குகிறார். அத்தை அடித்திருப்பாளோ, மாமன் அடித்திருப்பானோ, பாட்டி அடித்திருப்பாளோ என்று உறவுகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கின்றன. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூவோ தளிரோ கொடுக்கப்படுகிறது. உறவின் பெயருக்கு மோனை சேரும் பூவாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. வரியின் நீளம் ஒரு மூச்சு. வரி முடிவில் தொட்டில் ஒரு வீச்சு முடிந்திருக்க வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டுக்குள் நின்று, அந்த வீட்டில் எத்தனை மாமன், அவர்களில் யார் வெளிநாட்டில், யார் கோபித்துக்கொண்டு போனவர், யார் சீர் கொண்டுவரவில்லை என்பதையெல்லாம் ஆச்சி உள்ளே நுழைத்துவிடுவார். அடுத்த பிள்ளைக்கு, அடுத்த வீட்டுக்கு, உறவுப் பட்டியல் மாறும். பூக்கள் மாறும். குத்தலும் மாறும். அச்சு நிற்கும். இருப்பதை எடுத்து இடுவதும், இட்டதைச் சிந்தாமல் கட்டுவதும்தான் வேலை. 'இட்டுக்கட்டு' என்ற சொல் இந்தச் செயலைப் படம்பிடித்தது போல் சொல்கிறது.

செட்டிநாட்டுத் தாலாட்டுக்கு இன்னொரு பின்புலமும் உண்டு. நகரத்தார் ஆண்கள் கொண்டுவிற்கப் போன ஊர் இது. மூன்று வருடக் கணக்குக்குப் பர்மா, மலேயா, இலங்கை என்று கப்பல் ஏறிவிடுவார்கள். 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அந்த ஒரு நாட்டில் மட்டும் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அத்தனை கடைக்கும் பின்னால் இங்கே வளவு வீடுகளில் பிள்ளையோடு தனித்திருந்த பெண்கள் இருந்தார்கள். தகப்பனான அப்பச்சியின் முகம் தெரியாத பிள்ளைக்கு அப்பச்சி இருக்கும் ஊர், அவர் செய்யும் வணிகம், திரும்பும்போது கொண்டுவரப்போகும் பொருள் எல்லாவற்றையும் சொல்லும் வேலை தாலாட்டின் தலையில் விழுந்தது. கடைக் கணக்கைப் பேரேட்டில் எழுதிக் காத்த சமூகம் அது. அதன் பெண்கள் குடும்பத்தின் கணக்கைப் பாட்டில் எழுதினார்கள். பேரேடுகள் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. பாட்டில் பெரும்பகுதி பாடியவரோடு போய்விட்டது.

ஒப்பாரி இதைவிடக் கடினமான கலை. தாலாட்டுக்கு நேரம் இருக்கிறது. பிள்ளை தூங்கும்வரை பாடலாம். ஒப்பாரிக்கு அவகாசமே இல்லை. செய்தி கேட்டு வாசலில் இறங்கிய நிமிடத்தில் தொடங்க வேண்டும். கட்டிக்கொண்டு அழும் பெண்கள் வட்டத்தில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வரியின் கடைசியில் சேர்ந்துகொள்வார்கள். இறந்தவர் தாயா, கணவனா, அண்ணனா, பிள்ளையா என்பதைப் பொறுத்து விளிக்கும் முறை வேறு, உவமை வேறு, குறை சொல்லும் திசை வேறு. தாய்க்கு அழும் மகள், இனிப் பிறந்த வீட்டில் தன்னை வா என்று அழைக்க ஆளில்லை என்பாள். அண்ணனுக்கு அழும் தங்கை, அண்ணியை வைத்துக்கொண்டே அண்ணியின் மனசைச் சொல்வாள். கணவனுக்கு அழுகிறவள் தன் நெற்றியும் கழுத்தும் கையும் நாளை என்ன ஆகப்போகின்றன என்பதை ஊர் முன்னால் அடுக்குவாள்.

இங்கேதான் 'வாய்க்கு வந்தபடி' பாடுவதன் முழுப் பயனும் தெரிகிறது. முன்கூட்டி எழுதிய பாட்டாக இருந்திருந்தால் யாராவது அதைத் தணிக்கை செய்திருப்பார்கள். வீட்டில் வாய் திறக்க முடியாத பெண், சொத்தில் பங்கில்லாத மகள், சீர் குறைந்ததற்காக ஆண்டுக்கணக்கில் பேச்சு வாங்கிய மருமகள், இவர்கள் எல்லாரும் ஊர் கூடி நிற்கும் இடத்தில் எதிர்ப்பேச்சு இல்லாமல் வழக்குரைக்கக் கிடைத்த ஒரே மேடை துக்க வீடு. அழுகிறவளைப் பாதியில் நிறுத்தச் சொல்லும் துணிவு எந்தப் பெரிய மனிதருக்கும் இல்லை. அடுத்த வரி என்ன என்று அவளுக்கே தெரியாதபோது அதைத் தடுப்பது எப்படி? அந்தச் சில மணி நேரத்தில் அவள் கவியும் வாதியும் ஆகிவிடுகிறாள். ஒப்பாரியைச் சோகத்தின் வெளிப்பாடு என்று மட்டும் பாடப்புத்தகத்தில் எழுதிவிட்டு நகர்கிறவர்கள் இந்த நியாயத்தைக் காணத் தவறுகிறார்கள்.

நடவுப் பாட்டிலும் முளைப்பாரிக் கும்மியிலும் இதே கட்டுமானம் வேறு வேகத்தில் ஓடுகிறது. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவை ஒட்டி மாசி, பங்குனியில் இந்தப் பக்கத்து ஊர்கள் முளைப்பாரியும் பால்குடமுமாக இருக்கும். கும்மி கொட்டும் வட்டத்தில் ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வாங்கிப் பாடும் அந்தச் சில நொடிகளில்தான் முதல் பெண் அடுத்த வரியைக் கட்டுகிறாள். அவளுக்கு அதுவே பட்டறை, அதுவே அரங்கேற்றம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று மேற்கில் ஆராயப் புறப்பட்டவர் ஹார்வர்டின் மில்மன் பாரி. ஹோமரின் காவியங்களில் ஒரே தொடர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற கேள்வியோடு 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியக் கிராமங்களில் அலைந்து, அலுமினியத் தட்டுகளில் பாடகர்களைப் பதிவு செய்தார். அவ்தோ மெஜதோவிச் என்ற எழுத்தறியாத பாடகர் 12,000-க்கும் மேற்பட்ட அடிகள் கொண்ட ஒரு காவியத்தையே பாடிக் காட்டினார். பாரி 1935-லேயே இறந்துவிட, அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960-ல் அந்த ஆய்வை நூலாக்கினார். அவர்கள் கண்டறிந்தது இதுதான்: பாடகர் முழுப் பாட்டையும் நெட்டுருப் போடுவதில்லை. இடத்துக்குப் பொருந்தும் ஆயத்தத் தொடர்களும், அவற்றில் புதிய பெயரையும் பொருளையும் வைக்கும் வெற்றிடங்களும் அவர் நாவில் பழகியிருக்கின்றன. பாடும்போதே பாட்டு பிறக்கிறது. அதாவது, இடுவது, கட்டுவது.

யாழ்ப்பாணத்து க. கைலாசபதி இந்தக் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களில் பொருத்திப் பார்த்தார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் செய்த அவரது ஆய்வு 1968-ல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. பாணரும் பொருநரும் விறலியரும் வாய்மொழியாகக் கட்டிய மரபிலிருந்தே அந்தப் பாடல்களின் தொடர்களும் துறைகளும் வந்தன என்பது அவர் வாதம். சங்கப் பாடல்கள் கற்ற புலவர்கள் எழுத்தில் செய்தவை, பாணர் மரபை முன்மாதிரியாகக் கொண்டவை என்று ஜார்ஜ் ஹார்ட் மறுத்தார். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. நாம் செம்மொழிப் பெருமை பேசும் அந்தப் பாடல்களுக்கு அடியில் வாய்மொழியாகப் பாட்டுக் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இலக்கணத்தில் தேர்ந்தவர்கள் ஒரு மறுப்பு சொல்லக்கூடும். ஆசுகவி என்றால் வெண்பா தளை தட்டாமல் வர வேண்டும், கட்டளைக் கலித்துறையில் எழுத்தெண்ணிப் பாட வேண்டும், ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் அந்தக் கண்டிப்பு ஏது என்பார்கள். வெண்பாவின் கண்டிப்பு உண்மையானது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் தமிழ் இலக்கணத்தின் மூல நூல் இவ்வளவு குறுகிய மனம் கொண்டதல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் 'பண்ணத்தி' என்ற ஒரு வகைக்கு இடம் கொடுத்திருக்கிறது. எழுதும் வழக்கம் இல்லாத பாடல்களை அதற்கு உரை எழுதிய பேராசிரியர் அங்கே நினைவுகூர்கிறார். இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் அம்மானை, கந்துகவரி, ஊசல்வரி, வள்ளைப்பாட்டு என்று பெண்கள் விளையாடியும் ஊஞ்சலாடியும் நெல் குற்றியும் பாடிய வடிவங்களைக் காப்பியத்துக்குள் அழைத்து வந்து உட்கார வைத்தார். இலக்கணமும் காப்பியமும் திறந்து வைத்த கதவை மூடியது பிற்காலம்.

யாப்பு மட்டுமே கண்டிப்பு என்பதும் சரியல்ல. தாலாட்டில் எதுகை, மோனை, இயைபு மூன்றும் இருக்கின்றன. மூச்சளவு இருக்கிறது. கேட்பவரின் உறவுமுறையை ஓரிடத்தில் பிசகினாலும் பாட்டு கெட்டுவிடும். இவற்றைக் கற்றுக்கொடுக்க ஆசிரியரோ ஏடோ இல்லை என்பதால் இவை விதிகள் இல்லை என்று ஆகிவிடாது.

இசைத் துறையில் இந்தத் தயக்கம் கிடையாது. இராக ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவற்றை மனோதர்மம் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் தோடியை எடுத்துவிட்டால் மணிக்கணக்கில் போவார் என்பதை இன்றும் வியப்போடு சொல்கிறோம். 'வாய்க்கு வந்தபடி வாசித்தார்' என்று யாரும் சொல்வதில்லை. எழுதி வைக்காத அந்த இசைக்குப் பின்னால் இராகத்தின் இலக்கணமும் வருடக்கணக்கான சாதகமும் இருப்பது நமக்குத் தெரியும். செட்டிநாடு இந்தக் கலைஞர்களுக்குப் பெரும் புரவலராக இருந்தது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்டார். 1941-ல் அங்கே தமிழிசை மாநாடு கூட்டினார். 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது. தமிழில் பாடக் கூச்சப்பட்ட மேடைகளைத் தமிழ்ப் பக்கம் திருப்பிய அரிய பணி அது. அதே பரப்பில் முகப்பிலும் பந்தலிலும் வாசித்தவருக்குச் சன்மானமும் பட்டும் கிடைத்தன. வளவில் சம்பந்தி ஏசலையும் நலங்குப் பாட்டையும் அந்த நொடியில் கட்டிய பெண்களுக்குச் சிரிப்பு கிடைத்தது. வெற்றிலை பாக்கு கிடைத்தது. பெயர் கிடைக்கவில்லை.

இந்தப் பெண்களின் காதில்தான் செட்டிநாட்டுக் கவிகள் வளர்ந்தார்கள் என்று கருத நிறைய இடம் இருக்கிறது. சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்த கண்ணதாசன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மெட்டைக் கேட்டுக்கொண்டே அவர் வரிகளைச் சொல்லிக்கொண்டு போக, உடனிருந்த பஞ்சு அருணாசலமும் பின்னாளில் இராம. கண்ணப்பனும் எழுதிக்கொண்டார்கள். திரையுலகம் அதை அதிசயமாகப் பேசியது. 'பாசமலர்' (1961) படத்துக்கு அவர் எழுதிய தாலாட்டைக் கொஞ்சம் கூர்ந்து கேட்டால், மாமன் பிள்ளைக்குத் தரப்போகும் சீரை அடுக்கும் ஊர்ப்புறத் தாலாட்டின் அச்சு அப்படியே தெரியும். தன் சாவுக்குத் தானே இரங்கற்பா எழுதி வைத்த துணிவும் ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கே வரக்கூடியது. இராயவரத்து அழ. வள்ளியப்பா பள்ளிக்கு நடந்து போகும் வழியில் சினிமா விளம்பரத்தைப் பார்த்துத் தோழர்களோடு பாட்டுக் கட்டியதே அவரது தொடக்கம் என்பார்கள். குழந்தைக் கவிஞர் இட்டுக்கட்டியே தொடங்கியிருக்கிறார். இவர்களுக்கு மணிமண்டபமும் விழாவும் எடுத்ததில் காரைக்குடிப் பக்கத்துக்குப் பெருமைதான். அந்தப் பெருமையில் ஒரு பங்கு தொட்டிலருகே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் சேர வேண்டியது.

வடசென்னையின் கானா இந்தக் குடும்பத்தில் இன்னொரு கிளை. துக்க வீட்டில் இரவு முழுக்க இறந்தவரின் பெயரையும் தொழிலையும் நண்பர்களையும் பாட்டில் கோத்துப் பாடும் கானாக்காரரிடம் இருப்பதும் இதே திறன். 2021-ல் வந்த 'என்ஜாயி எஞ்சாமி'யில் தெருக்குரல் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் பெயரைச் சொல்லி, ஒப்பாரியின் தொனியையும் கொண்டுவந்தார். கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். பாட்டி யார், அவர் வாழ்க்கை என்ன என்று ஊடகங்கள் தேடிப் போய்க் கேட்டன. பெயர் சொன்னதால் வந்த பயன் அது.

பதிவு செய்யும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. மு. அருணாசலம் 1943-லேயே 'காற்றிலே மிதந்த கவிதை' என்று தொகுத்தார். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டியவற்றை கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 1958-ல் தஞ்சை சரசுவதி மகால் 'மலையருவி' ஆக வெளியிட்டது. நா. வானமாமலை நாட்டார் பாடலை அறிவுத்துறைக்குள் கொண்டுவந்தார். நெற்குப்பையில் பிறந்த தமிழண்ணல் தாலாட்டுகளைத் தொகுத்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் ஒரு தலைமுறை ஆய்வாளர்களையே உருவாக்கியது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் ஊர் ஊராகத் தேடிய பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்தார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். நன்றி சொல்ல வேண்டிய உழைப்பு இது.

குறை ஒன்று மட்டும் இந்தத் தொகுப்புகள் பலவற்றில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. பாட்டு இருக்கும், பாடியவர் இருக்கமாட்டார். இருந்தாலும் ஊரும் வயதும் மட்டும். 'மக்கள் பாடியவை' என்ற பெருந்தன்மையான சொல்லுக்குள் ஒருத்தியின் திறமை கரைந்துவிடுகிறது. ஒரே பாட்டைப் பல வடிவங்களாகக் கேட்டவர்கள், அவற்றில் 'சரியான' ஒன்றைத் தேர்ந்து அச்சிட்டு மற்றதை விட்டுவிடுவதும் நடந்திருக்கிறது. இட்டுக்கட்டும் பாட்டில் சரியான பாடம் என்று ஒன்று கிடையாது. வேறுபாடுதான் அங்கே படைப்பு. காளமேகத்தின் ஒரு வெண்பாவுக்கு ஆசிரியர் பெயரைத் தேடுகிற நாம், கும்மி வட்டத்தில் முதல் வரி எடுத்தவளின் பெயரைக் கேட்டு எழுதச் சோம்பல்பட்டிருக்கிறோம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளைக் கொடுத்துத் தமிழ் அச்சைக் காத்தார். நூல்கள் மட்டுமா, நோட்டீஸ், நாடக விளம்பரம், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் தூக்கி எறிந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் திரட்டை வாங்கியதில், 1994-ல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் வந்தது. அந்தக் கண் இன்று செட்டிநாட்டின் குரல்களுக்கு வேண்டும். தள்ளிப் போட நேரமில்லை. வளவு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். துக்க வீட்டில் ஒலிபெருக்கி வைத்துப் பதிவு செய்த ஒப்பாரியை ஓடவிடுகிறார்கள், அல்லது கூலிக்கு ஆள் வைத்துப் பாடுகிறார்கள். கண்மாய்ப் பாசன வயல்களில் நேரடி விதைப்பும் இயந்திரமும் வந்த இடத்தில் நடவு வரிசை இல்லை. வரிசை இல்லாத இடத்தில் வாங்கிப் பாட ஆளில்லை. இவற்றைவிடப் பெரிய காரணம் வெட்கம். படித்த மகள், அம்மா வாய்விட்டு ஒப்பாரி வைப்பதை நாகரிகக் குறைவு என்று நினைத்துக் கையைப் பிடித்து அடக்குகிறாள். 'வாய்க்கு வந்தபடி' என்ற ஏளனம் வேலை செய்யும் இடம் அதுதான்.

செய்யக்கூடியவை இருக்கின்றன, பெரிய பணமும் தேவையில்லை. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் தமிழ் மாணவர்கள் ஒவ்வொருவரும் தன் சொந்த ஊரில் பாடும் ஒரு மூதாட்டியை, அவர் சம்மதத்தோடு, ஒரே பாட்டை வெவ்வேறு நாட்களில் பாடச் சொல்லிப் பதிவு செய்தால், எது நிலைக்கிறது, எது மாறுகிறது என்பது தெரியும். சில ஆண்டுகளில் வேறெங்கும் இல்லாத ஓர் ஒலிக்காப்பகம் உருவாகும். 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் கவியரங்கம் என்ற வடிவத்தை வளர்த்த மேடைகளில் ஒன்று. இன்றைய கவியரங்கங்களில் பெரும்பாலும் எழுதிக் கொண்டுவந்த தாளைப் படிக்கிறார்கள். அந்த மேடையில் ஓர் அமர்வு, அவையே பொருள் கொடுத்து அங்கேயே பாட்டுக் கட்டும் அமர்வாக இருக்கட்டும். அதில் வெண்பாப் புலவருக்குப் பக்கத்து நாற்காலியில் கும்மிப் பாட்டுக்காரி உட்காரட்டும். அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில், மனப்பாடப் பாட்டுக்குக் கொடுக்கும் மதிப்பைத் தலைப்புக் கொடுத்த நொடியில் கட்டும் பாட்டுக்கும் கொடுக்கலாம். நெட்டுருவில் பின்தங்கிய பிள்ளை அங்கே முதலாவதாக வர வாய்ப்பிருக்கிறது.

கலைமாமணி போன்ற விருதுகளைக் கொடுக்கும்போது அரசு எழுதும் பாராட்டிதழில் 'நாட்டுப்புறப் பாடகி' என்பதோடு 'ஆசுகவி' என்றும் எழுதினால் எந்த இலக்கணமும் இடியாது. கொல்லங்குடி கருப்பாயிக்கு அது காலம் கடந்த மரியாதையாகவே இருக்கும். பரவாயில்லை, அவரிலிருந்து தொடங்கலாம்.

வீட்டில் ஓர் ஆயாவோ அப்பத்தாவோ பாடக்கூடியவராக இருக்கும் வாசகர்கள் அரசையும் கழகத்தையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். கைப்பேசி போதும். துக்க நேரத்தில் வேண்டாம், அவர் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு மாலையில், பதிவு செய்யட்டுமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள், திருத்தாதீர்கள், 'முழுசாத் தெரியலையே' என்று அவர் சொன்னால் தெரிந்தவரை கட்டிப் பாடச் சொல்லுங்கள். பதிவின் தொடக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும், யாரிடம் கேட்டுப் பழகினார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். எழுதும்போது அந்தப் பெயரின் முன்னால் 'தொகுத்தவர்' என்று உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். 'பாட்டைக் கட்டியவர்' என்ற இடத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும்.